சக்கரத்தின் சாய்வு



உத்தரமேரூர் என்றவுடன் கற்றோர் நினைவுக்கு வருவது கல்வெட்டு. முதற் பராந்தக சோழன் காலத்தில், 919, 921 ஆகிய ஆண்டுகளில், வைகுந்தப் பெருமாள் கோயில் சுவரில் வெட்டப்பட்ட குடவோலை விதிகளைக் காணப் பல நாட்டவரும் எங்கள் ஊருக்கு வந்து போகின்றனர். அந்த ஊரில் பிறந்து, சுற்றுவட்டாரப் பள்ளிகளில் கணக்கும் வரலாறும் கற்பித்து, தலைமையாசிரியனாக ஓய்வு பெற்றவன் நான். வானொலியில் பேச அழைத்தால் கல்வெட்டைப் பற்றிப் பேசுவதே எனக்கு எளிது. ஆனால் இன்று நான் எடுத்துக்கொண்ட பொருள் கல் அன்று, சக்கரம். அதிலும், ஒரு பழைய மோட்டார் வண்டியின் சக்கரங்கள் எவ்வளவு சாய்ந்து நிற்க வேண்டும், அச்சாய்வை யார் எப்படி அறிந்தனர் என்பதே இப்பேச்சின் பொருள்.

இதற்குக் காரணம் என் தமக்கையின் பேரன். சென்ற தைத் திங்களில் அவன் என் வீட்டு வாயிலில் ஒரு ஸ்டாண்டர்டு ஹெரால்டு வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தினான். அவன் பாட்டனார் வைத்திருந்த வண்டி அது. பல ஆண்டுகள் தென்னை ஓலைக் கொட்டகையில் கிடந்ததை அவனே செப்பம் செய்திருந்தான். "தாத்தா, இதை ஒருநாள் இருங்காட்டுக்கோட்டைப் பந்தயப் பாதையில் ஓட்டிப் பார்க்க வேண்டும். சக்கரத்தை அதற்கேற்ப எப்படி அமைப்பது என்று பாட்டனார் எழுதி வைத்திருக்கிறார். எனக்குத்தான் புரியவில்லை" என்று சொல்லி, அட்டை கிழிந்த கணக்கு நோட்டு ஒன்றை என் கையில் கொடுத்தான். அந்த நோட்டை நான் முன்பே அறிவேன். அதைப் பற்றிப் பின்னர்ச் சொல்கிறேன்.

முதலில் வண்டியைப் பற்றி. நம் நாட்டு மாட்டு வண்டியில் ஓர் அச்சும் இரண்டு சக்கரங்களுமே உண்டு. குடம், ஆரக்கால், வட்டை, அதன்மேல் இரும்புப் பட்டை, அச்சு முனையில் கடையாணி. மாடு திரும்பினால் வண்டியும் திரும்பும். கோயில் தேருக்கு நான்கு சக்கரங்கள் உண்டு. ஆனால் திருப்புவதற்கு அதில் எந்தப் பொறியும் கிடையாது. மாடவீதியின் மூலையில் முட்டுக்கட்டை போடுவோர், உயிரைப் பணயம் வைத்துச் சக்கரத்தின் அடியில் கட்டையைத் தள்ளித் தள்ளியே தேரைத் திருப்புகின்றனர். நான்கு சக்கரங்களைத் திருப்புவது எவ்வளவு கடினம் என்பதைத் தேர் பார்த்த ஒவ்வொருவரும் அறிவோம்.

இக்கடினத்துக்குக் காரணம் எளிய வடிவ கணிதம். பள்ளி மைதானத்தில் மாணவர்களை நால்வர் நால்வராக அணிவகுத்து நடத்தும்போது, திருப்பத்தில் உட்புறம் நிற்பவன் சிறு வட்டமும் வெளிப்புறம் நிற்பவன் பெரு வட்டமும் நடக்க வேண்டும். சக்கரங்களுக்கும் அதே நிலை. முன் சக்கரங்கள் இரண்டும் ஒரே கோணத்தில் திரும்பினால் ஏதேனும் ஒன்று தரையில் தேய்ந்து இழுபடும். உட்சக்கரம் கூடுதலாகத் திரும்ப வேண்டும். இதற்கான அமைப்பை மியூனிக் நகரத்து வண்டித் தச்சர் கியோர்க் லாங்கன்ஸ்பெர்கர் 1817-ஆம் ஆண்டளவில் கண்டார். லண்டனில் அவருக்காக 1818-இல் காப்புரிமை பெற்றவர் ருடால்ப் ஆக்கர்மன். தச்சர் பெயர் மறைந்து, காப்புரிமை எழுதியவர் பெயரே அவ்வமைப்புக்கு நிலைத்துவிட்டது. வரலாற்றில் இப்படிப் பல.

திரும்புதல் ஒன்று, சாய்தல் மற்றொன்று. குதிரை வண்டி செல்லும் வேகத்தில் சாய்வைப் பற்றி எவரும் அவ்வளவாகக் கவலைப்படவில்லை. மோட்டார் வந்து, வேகம் மணிக்கு நாற்பது, ஐம்பது மைல் என்றான பிறகே அது உயிர் வினாவாயிற்று. நம்மூர் வில்வண்டியில் அடுக்கிய எஃகுப் பட்டைகளைக் கண்டிருப்பீர்கள். அதே பட்டைவில்லைத்தான் மோட்டார் வண்டியிலும் முதலில் வைத்தனர். இடப்புறச் சக்கரம் பள்ளத்தில் இறங்கினால் வலப்புறச் சக்கரமும் சேர்ந்து ஆடும். ஏனெனில் இரண்டையும் ஒரே இரும்புத் தண்டு பிணைத்திருந்தது. தண்டை நடுவில் வெட்டி, ஒவ்வொரு சக்கரமும் தனித்தனியே ஏறி இறங்கினால் என்ன என்று எண்ணியவர்களுள் ஒருவர் ஆஸ்திரியப் பொறியாளர் எட்மண்ட் ரும்ப்ளர். 1903-இல் அவர் காப்புரிமை பெற்ற அமைப்பை ஊசல் அச்சு எனலாம். நடுவில் பல்சக்கரப் பெட்டி; அதன் இருபுறமும் இரண்டு அரைத்தண்டுகள், பறவையின் இரு சிறகுகளைப் போல. சிறகு ஏறும், இறங்கும். மேடு பள்ளச் சாலையில் உள்ளிருப்போருக்குச் சுகம்.

இந்தச் சிறகு அச்சுதான் சென்னையில் செய்யப்பட்ட ஹெரால்டு வண்டியின் பின்புறத்திலும் இருந்தது.

இங்கிலாந்தில் ட்ரையம்ப் ஹெரால்டு 1959-இல் வெளிவந்தது. அதன் உருவத்தை வரைந்தவர் இத்தாலியர் ஜியோவன்னி மிக்கலோட்டி. அக்காலத்தில் மற்ற சிறு கார்கள் உடலும் அடிச்சட்டமும் ஒன்றாக வார்த்தாற்போல் வரத் தொடங்கியிருக்க, ஹெரால்டு மட்டும் தனி அடிச்சட்டத்தின்மேல் துண்டு துண்டாக உடலைப் பூட்டிக்கொண்டு வந்தது. இது பழமைப் பற்றினால் அன்று. அந்நிறுவனத்துக்கு உடற்பகுதி செய்து கொடுத்துவந்த பட்டறையைப் போட்டி நிறுவனமொன்று 1953-இல் விலைக்கு வாங்கிவிட்டது. ஆகவே பல சிறு பட்டறைகளில் பகுதி பகுதியாகச் செய்து பூட்டத்தக்க வண்டியாக அதை அமைத்தனர். வணிகச் சங்கடம் ஒன்று ஒரு வண்டியின் எலும்புக் கூட்டையே தீர்மானித்தது. அந்தச் சட்டத்தின் பின்புறத்தில் குறுக்காக ஒரே ஒரு பட்டைவில்லும் இரண்டு அரைத்தண்டுகளும் வைத்தால் செலவு குறைவு. இவ்வாறு சிறகு அச்சு வந்து சேர்ந்தது.

சென்னையில் ஸ்டாண்டர்டு மோட்டார் நிறுவனம் 1961 முதல் இவ்வண்டியைச் செய்தது. தொழிற்சாலை வண்டலூர், பெருங்களத்தூர்ப் பக்கம். 948 கன சென்டிமீட்டர் எஞ்சின். பின்னர் நான்கு கதவுகள் கொண்ட ஹெரால்டும் வந்தது; அது நம் நாட்டில் மட்டுமே செய்யப்பட்டது. அம்பாசடர், பியட், ஹெரால்டு என்னும் மூன்றே கார்களை நம் தலைமுறை அறியும். அவற்றுள் குறுகிய இடத்தில் சுழன்று திரும்ப வல்லது ஹெரால்டு. இருபத்தைந்து அடி வட்டத்துக்குள் அது திரும்பிவிடும். இதே அடிச்சட்டத்தைக் குறுக்கி 1962-இல் இங்கிலாந்தில் ஸ்பிட்பயர் என்ற இரு இருக்கை விளையாட்டுக் காரைச் செய்தனர். அத்தகைய கார்களை இறக்குமதி செய்வது இங்கு அரிதாயிருந்தது. அதனால், விளையாட்டுக் கார் வேண்டும் என்று ஏங்கிய நம்மூர் இளைஞனுக்கு ஹெரால்டே விளையாட்டுக் கார்.

இனிச் சிறகின் குறையைக் கேளுங்கள். வண்டி வேகமாக வளைவில் திரும்பும்போது உடலின் பாரம் வெளிப்புறச் சக்கரத்தின்மேல் சாய்கிறது. தரை அச்சக்கரத்தின் அடியை உள்நோக்கித் தள்ளுகிறது. அரைத்தண்டு நடுவிலே மடங்கக் கூடியதாகையால், இத்தள்ளு வண்டியின் பின்புறத்தையே மேலே தூக்க முயலும். பின்புறம் எழும்போது சிறகுகள் கீழ்நோக்கித் தொங்கும். சக்கரத்தின் அடி வண்டிக்குள் மடங்கி, தலை வெளியே சாயும். தரையைப் பற்றியிருப்பது உள்ளங்கை அளவு ரப்பர்தான். அந்த உள்ளங்கையும் இப்போது விளிம்பில் நிற்கிறது. அதுவரை ஒழுங்காகச் சென்ற பின்புறம் திடீரென்று வழுக்கி வெளியே ஓடும். நடு வளைவில் ஓட்டுநர் அஞ்சி ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தாலோ, பிரேக்கை மிதித்தாலோ, பாரம் முன்னே சென்று பின்புறம் இன்னும் எழும். அச்சம் என்ன செய்யச் சொல்கிறதோ அதுவே ஆபத்து.

இக்குறை ஹெரால்டுக்கு மட்டும் உரியதன்று. அமெரிக்காவில் 1960-ஆம் ஆண்டு மாதிரியாக வந்த செவ்ரோலெட் கார்வேர் வண்டியின் பின்புறமும் இவ்வாறே. அதை முதல் அத்தியாயத்திலேயே குற்றம் சாட்டி ரால்ப் நேடர் 1965-இல் எழுதிய நூல் அந்நாட்டில் வண்டிப் பாதுகாப்புச் சட்டங்களுக்கு வழி திறந்தது. 1972-இல் அந்நாட்டு அரசின் ஆய்வு, அக்காலத்து ஒத்த கார்களைவிட அது மோசமானதன்று என்று கூறியது. இரண்டும் ஒருங்கே உண்மையாக இருக்கலாம் என்பது என் கருத்து. அக்காலத்துக் கார்கள் பலவுமே அப்படித்தான். சென்னையில் 1972-இல் ஹெரால்டின் இடத்தில் கெஸல் வந்தபோது, பின்புறத்தில் பழைய முழு இரும்புத் தண்டையே மீண்டும் வைத்தனர். நம் வாடிக்கையாளருக்கும் பட்டறைக்காரருக்கும் சிறகு அச்சு பிடிக்கவில்லை. இங்கிலாந்திலோ 1970-இல் ஸ்பிட்பயரின் பட்டைவில்லையே, உடல் சாயும்போது அது எதிர்க்காமல் தானும் சுழலுமாறு திருத்தினர். ஒரே நோய்க்கு இரண்டு ஊர்களில் இரண்டு மருந்து.

ஆனால் இவ்விரண்டு மருந்தும் வருமுன்பே, கையிலிருக்கும் வண்டியை வைத்துக்கொண்டு மருந்து தேடியவர்கள் இருந்தனர். அவர்கள் கூடிய இடம் சோழவரம்.

சென்னைக்கு வடக்கே, கல்கத்தா நெடுஞ்சாலைப் பக்கத்தில், இரண்டாம் உலகப் போர்க் காலத்து விமான ஓடுதளம் ஒன்று பயனற்றுக் கிடந்தது. சென்னை மோட்டார் விளையாட்டுச் சங்கம் 1953-இல் தோன்றியது. அச்சங்கத்தார் அவ்வோடுதளத்தில் பந்தயங்கள் நடத்தினர். பல ஆண்டுகள், பிப்ரவரித் திங்கள் வந்தால் நாட்டின் பல பகுதிகளிலிருந்தும் கார்களும் மோட்டார் சைக்கிள்களும் அங்கு வந்து சேரும். பணம் படைத்தோர் வெளிநாட்டு வண்டிகளைக் கொணர்ந்தனர். ஏனையோர், திங்கட்கிழமை காலையில் அலுவலகத்துக்குப் போக வேண்டிய அதே காரை ஞாயிற்றுக்கிழமை பந்தயத்தில் ஓட்டினர். எனக்கு வியப்பும் மதிப்பும் உரியவர்கள் பின்னவரே.

ஒன்று கவனியுங்கள். சோழவரம், பெருங்களத்தூர், திருப்பெரும்புதூர், உத்தரமேரூர் ஆகிய அனைத்தும் அன்று ஒரே செங்கற்பட்டு மாவட்டம். வண்டி பிறந்ததும், பந்தயம் ஓடியதும், இன்று கிழப்பருவத்தில் மீண்டும் ஓடப்போவதும் அந்தப் பழைய எல்லைக்குள்ளேயே. பின்னர் 1997-இலும் 2019-இலும் மாவட்டம் பிரிந்து பிரிந்து, இன்று சோழவரம் திருவள்ளூரில்; வண்டலூர் செங்கல்பட்டில்; நாங்கள் காஞ்சிபுரத்தில்.

என் தமக்கையின் கணவரை நாங்கள் மாமா என்றழைப்போம். அவர் சென்னையில் தொழிற்பயிற்சி ஆசிரியர். கடைசல் இயந்திரமும் அரமும் அவர் கையில் பேசும். இரண்டாம் கையாக வாங்கிய ஹெரால்டு ஒன்றே அவருடைய ஆடம்பரம். நான் ஆசிரியர் பயிற்சிப் பள்ளியில் படித்த காலத்தில், விடுமுறை நாள்களில் அவருக்கு எடுபிடி. நூல் பிடிக்க ஓர் ஆள் வேண்டுமல்லவா?

நூல் என்றேன். இன்று பட்டறைகளில் கணினித் திரையும் ஒளிக்கற்றையும் கொண்டு சில நிமிடங்களில் செய்வதை, அன்று கொத்தனார் நூலும் தூக்குக் குண்டும் இரும்பு அளவுகோலும் கொண்டு அரை நாளில் செய்தார். சமதரை வேண்டும், வீட்டுத் திண்ணையை அடுத்த சிமெண்டுத் தளத்தை ரசமட்டம் வைத்துச் சோதித்துத் தேர்ந்தெடுத்திருந்தார். அளவுக்கு முன் ஆய்வு: சக்கரத்தைப் பிடித்து ஆட்டினால் ஆடக்கூடாது, புஷ் ரப்பர் நைந்திருந்தால் மாற்றிய பிறகே மேல் வேலை. "ஆடுகிற சுவரில் ஆணி அடித்து என்ன பயன்?" என்பார். அடுத்து டயரில் காற்று. அடுத்து, ஓட்டுநர் இருக்கையில் ஓட்டுநரின் எடைக்குச் சமமாக நெல் மூட்டை. முதல் முறை நான் மூட்டை வைக்க மறந்தேன். சிறகு அச்சு வண்டியில் பாரம் ஏறினால் பின் சக்கரத்தின் சாய்வே மாறிவிடும். ஆள் ஏறாத வண்டியில் எடுத்த அளவு ஓடும் வண்டிக்கு உதவாது. ஒரு முற்பகல் முழுதும் எடுத்த அளவுகளை அடித்துவிட்டு மீண்டும் தொடங்கினோம்.

அவருடைய நோட்டில் ஒவ்வொரு பக்கத்திலும் இரண்டு பத்திகள். ஒன்றின் தலைப்பு 'வீடு'. மற்றதன் தலைப்பு 'மைதானம்'. பேரனுக்குப் புரியாதது இதுதான். ஒரே வண்டிக்கு ஏன் இரண்டு அளவு?

முன் சக்கரங்களை எடுத்துக்கொள்வோம். மேலிருந்து பார்த்தால், இரு சக்கரங்களின் முன்விளிம்புகளும் சற்றே உள்நோக்கிக் குவிந்திருக்க வேண்டும். பட்டறையில் இதை டோ-இன் என்பர். வீட்டுப் பத்தியில் ஓர் அங்குலத்தில் பதினாறில் ஒரு பங்கு, அதாவது ஏறத்தாழ ஒன்றரை மில்லிமீட்டர். இக்குவிவு இருந்தால் நேர்ச்சாலையில் வண்டி அலையாது. மைதானப் பத்தியில் சுழி. இரு சக்கரமும் நேர் இணை. குவிவு குறைந்தால் ஸ்டியரிங் திருப்பியவுடன் மூக்கு சட்டென்று வளைவில் நுழையும். சிலர் இன்னும் துணிந்து விளிம்புகளை வெளியே விரிப்பர். மாமாவும் ஒருமுறை செய்து பார்த்து, ஓடுதளத்தின் நேர்ப்பகுதியில் வண்டி நாய் மோப்பம் பிடிப்பதுபோல் அலைந்ததாகக் குறித்திருக்கிறார். அந்த வரி அடிக்கோடிடப்பட்டிருக்கிறது.

முன்னிருந்து பார்த்தால் தெரியும் சாய்வைக் கேம்பர் என்பர். வளைவில் வெளிச்சக்கரம் தலையை வெளியே சாய்க்க முயலும். ஆகவே முன்கூட்டியே தலையை உள்ளே சாய்த்து வைத்தால், நடு வளைவில் அது நிமிர்ந்து ரப்பர் முழுதும் தரையில் பதியும். ஆனால் நேர்ச்சாலையில் அதே சாய்வு டயரின் உள்விளிம்பைத் தின்றுவிடும். டயர் விலையோ ஓர் ஆசிரியரின் சம்பளத்தில் சிறு தொகை அன்று. ஹெரால்டின் முன்புறத்தில் கீழ்க்கரங்களின் அடியில் அடிச்சட்டத்தோடு ஒட்டி மெல்லிய தகடுகள் இருக்கும். தகட்டைக் கூட்டினால் சக்கரத்தின் அடி வெளியே போகும். தலை உள்ளே சாயும். பதின்மூன்று அங்குலச் சக்கர வளையத்தில் ஒரு பாகை சாய்வென்பது, மேல்விளிம்புக்கும் கீழ்விளிம்புக்கும் இடையே ஆறு மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைந்த வேறுபாடு. தூக்குக் குண்டு நூலை வளையத்துக்கு அருகில் தொங்கவிட்டு, மேலும் கீழும் அளந்தால் போதும். கோணமானி வேண்டா. என் மாணவர்களுக்குப் பிற்காலத்தில் டேன்ஜென்டு அட்டவணை கற்பிக்கும்போதெல்லாம் இந்த நூல்தான் என் கண்முன் ஆடியது.

பின்புறத்துக்கு வந்தால் நோட்டின் முறை மாறுகிறது. அங்கே பத்தி ஒன்றே. பட்டைவில்லுக்கும் பல்சக்கரப் பெட்டிக்கும் இடையே ஓர் இரும்புக் கட்டையைச் செருகினால் வண்டியின் பின்புறம் தாழும். சிறகுகள் சற்று மேல்நோக்கும். சக்கரத் தலைகள் உள்ளே சாயும். அரைத்தண்டின் நீளம் ஏறக்குறைய இருபது அங்குலம் என்று கொள்வோமானால், ஓர் அங்குலத் தாழ்வு கிட்டத்தட்ட மூன்று பாகைச் சாய்வைத் தரும். வளைவில் சக்கரம் மடங்குவதற்கு முன் அவ்வளவு பாகை கடக்க வேண்டுமென்றால், ஓட்டுநருக்கு அது பெருந்துணை. ஆனால் ஒவ்வொரு பந்தயத்துக்கும் அக்கட்டையைப் போட்டு எடுப்பது ஒரு நாள் வேலை. தவிர, பின் இருக்கையில் குடும்பத்தோடு அமர்ந்தால் வண்டி மேலும் தாழ்ந்து சக்கரங்கள் மிகையாகச் சாயும். மாமா அரை அங்குலக் கட்டையைக் கடைந்து செருகி, அப்படியே விட்டுவிட்டார். மைதானத்துக்குக் குறைவு, வீட்டுக்கு மிகை; இரண்டுக்கும் பொறுக்கத்தக்கது. பின் டயரில் முன்னைவிடக் கூடுதல் காற்று வைப்பார். பின் சக்கரங்களின் முன்விளிம்பு வெளியே விரிந்திருக்கவே கூடாது என்பதில் மட்டும் அவர் விட்டுக்கொடுத்ததில்லை. அதற்குரிய தகடுகள் பின்கரம் அடிச்சட்டத்தில் பொருந்தும் இடத்தில் உள்ளன.

வேலையின் வரிசையும் முக்கியம். உயரம், பிறகு சாய்வு, இறுதியில்தான் குவிவு. சாய்வை மாற்றினால் குவிவும் தானே மாறும். வகுத்தலுக்கு முன் பெருக்கலைச் செய்த மாணவனைப்போல், குவிவை முதலில் அளந்தவன் இரண்டு முறை அளப்பான்.

இவ்வளவு செய்தும் மாமா எந்தப் பந்தயத்திலும் பரிசு பெற்றதில்லை. அவர் ஓடியது சிறு பிரிவு. ஆனால் வளைவுக்கு முன்பே பிரேக், வளைவுக்குள் கால் நடுங்காமல் ஒரே அழுத்தம் என்ற பாடத்தை அவர் வண்டி ஒருபோதும் மீறியதில்லை. கயிற்றுக்கு அப்பால் நின்று நான் கண்டது அது. புழுதி, எரிந்த எண்ணெய் வாசனை, கல்லூரி மாணவர் கூச்சல், ஐஸ்காரன் மணி இவற்றுக்கு நடுவே, அந்த வெளிர்நீல வண்டி நூல் பிடித்தாற்போல் திரும்பும்.

1978-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை. பந்தயம் முடிந்து, மறுநாள் தமக்கையையும் கைக்குழந்தையையும் அழைத்துக்கொண்டு ஊருக்குப் புறப்பட வேண்டும். ஆகவே மைதானப் பத்தியிலிருந்து வீட்டுப் பத்திக்கு அன்றிரவே மாற்றினோம். ஸ்டியரிங்குக்கும் சக்கரத்துக்கும் இடையேயுள்ள டை ராடு என்னும் தண்டை இருபுறமும் சமமாகத் திருகினால் குவிவு மாறும். திருகிய பிறகு லாக் நட்டை இறுக்க வேண்டும். திருகுவது அவர் வேலை. இறுக்குவது என் வேலை. டார்ச் விளக்கொளியில் அவர் நூலைப் பார்த்துச் சரி என்றார். இடப்புற நட்டை இறுக்கினேன். உள்ளே குழந்தை அழுதது. தமக்கை தண்ணீர் கேட்டார். ஸ்பானரை வைத்துவிட்டு ஓடினேன். திரும்பி வந்தபோது மாமா, "ஆயிற்றா தம்பி?" என்றார். ஆயிற்று என்றேன்.

மறுநாள் செங்கல்பட்டு தாண்டும்வரை குறையொன்றும் தெரியவில்லை. இறுகாத தண்டு சாலை அதிர்வில் சிறிது சிறிதாகத் தானே திருகிக்கொண்டிருந்தது. உத்தரமேரூரை நெருங்கும் சாலையில் வண்டி நேர்க்கோட்டை மறந்து அலையத் தொடங்கியது. மாமா வேகத்தைத் தணித்தார். அதே நேரம் எதிரே ஒரு பேருந்து. ஒதுங்கும்போது வண்டி அவர் திருப்பிய அளவுக்கு மேல் ஒதுங்கி, இடப்புறச் சக்கரங்கள் இரண்டும் பாசனக் கால்வாயில் இறங்கி நின்றன. குழந்தைக்கு ஒன்றுமில்லை. தமக்கையின் நெற்றியில் நான்கு தையல். அந்தத் தழும்பு இன்றும் இருக்கிறது.

மாமா குனிந்து வலப்புறத் தண்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. வீட்டில் பெரியவர்கள், பந்தயப் பைத்தியத்தால் பெண்டாட்டி பிள்ளையைக் கொல்லப் பார்த்தான் என்று ஏசியபோதும் அவர் வாய் திறக்கவில்லை. அதன்பின் அவர் சோழவரத்துக்குச் சென்றதேயில்லை. நான் ஆசிரியனானேன், தலைமையாசிரியனானேன், பொய் சொன்ன மாணவர்களை எத்தனையோ முறை கண்டித்தேன். அவர் மறைந்து பல ஆண்டுகளாகின்றன.

பேரன் கொடுத்த நோட்டின் கடைசிப் பக்கத்தைச் சென்ற தையில்தான் கண்டேன். அந்த நாளின் தேதியிட்டு, மாமாவின் கையெழுத்தில் ஒரே வரி: "வலப்புற லாக் நட்டு இறுகவில்லை. நான் பார்த்திருக்க வேண்டும்."

இப்பேச்சை எழுதத் தொடங்கும் முன் தமக்கையிடம் சென்று, நட்டை இறுக்காதவன் நான் என்று சொன்னேன். எண்பதை நெருங்கும் அவர் சிறிது நேரம் முற்றத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "பையன் வண்டியை நீயே உட்கார்ந்து பார்த்துக் கொடு" என்றார். அவ்வளவே.

சோழவரத்து ஓடுதளத்தில் பந்தயம் நின்று நெடுங்காலமாயிற்று. அதே சங்கத்தார் திருப்பெரும்புதூருக்கு அருகே இருங்காட்டுக்கோட்டையில் பந்தயத்துக்கென்றே அமைத்த பாதை 1990-இல் திறக்கப்பட்டது. நீளம் ஏறத்தாழ 3.7 கிலோமீட்டர், பன்னிரண்டு வளைவுகள். 2005-இல் பார்முலா ஒன் பந்தயத்தில் ஓடிய முதல் இந்தியரான கோயம்புத்தூர் நாராயண் கார்த்திகேயன் தம் முதல் பந்தயத்தை ஓடியதும் இங்கேதான். விமான ஓடுதளம் போலன்றி இங்கு வளைவுகள் ஒன்றையடுத்து ஒன்றாக, இடமும் வலமுமாக வருகின்றன. பாரம் ஒரு புறத்திலிருந்து மறுபுறம் வீசப்படும் அந்நொடியே சிறகு அச்சுக்குச் சோதனை. ஆகவே பேரனிடம், மாமாவின் அரை அங்குலக் கட்டையைத் தொடாதே என்றேன். முன்புறத் தகடுகளில் மட்டும் பக்கத்துக்கு ஒன்று கூட்டினோம். இன்றைய ரேடியல் டயர் அன்றைய டயரைவிட வலுவாகத் தரையைப் பற்றும். பற்று மிகுந்தால் சிறகை மடக்கும் தள்ளும் மிகும். ஆகவே மாமாவின் அளவுகளை அப்படியே படியெடுப்பது தவறாகும் என்று அவனிடம் விளக்க ஒரு மாலை பிடித்தது. முதல் நாள் முழு வேகம் கூடாது. ஐந்து சுற்று ஓட்டிவிட்டு நிறுத்தி, டயரின் எந்த விளிம்பு சூடேறித் தேய்ந்திருக்கிறது என்று கையால் தடவிப் பார்க்க வேண்டும். இதுவும் நோட்டில் உள்ளதே.

காஞ்சிபுரத்தில் கணினி வைத்து அளக்கும் பட்டறைக்கு அவனை அனுப்பினேன். நூலில் நாங்கள் எடுத்த அளவுக்கும் அவர்கள் திரையில் காட்டிய அளவுக்கும் அரை மில்லிமீட்டர்தான் வேறுபாடு. அந்தத் தாளை அவன் நோட்டில் ஒட்டி வைத்திருக்கிறான்.

வாலாஜாபாத் வழியே நாங்கள் அங்கே போய்ச் சேர்ந்தபோது காலை ஏழு மணி. நோட்டின் இரண்டாம் பத்திப்படி குவிவைச் சுழியாக்கிவிட்டுப் பேரன் எழுந்தான். நான் துண்டைத் தரையில் விரித்துப் படுத்து, இடப்புற நட்டை இறுக்கினேன். வலப்புற நட்டை இறுக்கினேன். நட்டின்மேலும் தண்டின்மேலும் சேர்த்து ஒரு வெள்ளைக் கோடு வண்ணத்தால் இழுத்தேன். நட்டு அசைந்தால் கோடு பிளந்து காட்டும். பிறகு அவனையும் படுக்கச் சொல்லி இரு கோடுகளையும் பார்க்கச் சொன்னேன். "ஆயிற்றா தாத்தா?" என்றான். நீயே பார்த்துச் சொல் என்றேன். மாலையில் வீட்டுப் பத்திக்கு மாற்றியபோது மீண்டும் ஒருமுறை படுத்தேன். முதுகு இரண்டு நாள் வலித்தது.